அலாரம் வைத்த மாத்திரைப் பெட்டி: வாங்கலாமா?

அப்பாவுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத் துடிப்பு ஒழுங்கு தப்பும் நோய். ரத்தம் உறையாமல் காக்கும் அபிக்ஸபான் மாத்திரை காலை ஒன்று, இரவு ஒன்று. ரத்தத்தில் அதன் அளவு சுமார் 12 மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஒரு வேளை விட்டால்கூட ரத்தம் உறையாமல் காக்கும் பலம் குறைந்துவிடும். அதற்காகத்தான் இந்த ஏழு நாள் பெட்டி.

அலாரம் பக்கத்து அறை வரை கேட்கிறது, மூடியைத் திறந்தால்தான் நிற்கும். இதற்காகவே வாங்கலாம். ஆனால் மூடி சரியான கெட்டி. அப்பா நகத்தால் நெம்பினால் மாத்திரை தெறித்துக் கட்டிலுக்கு அடியில் ஓடுகிறது. எழுத்தும் பொடி, 'காலை', 'இரவு' என்று மார்க்கரில் பெரிதாக எழுதிவிட்டேன்.

'எல்லா மாத்திரையும் போடலாம்' என்று அட்டையில் போட்டிருப்பது மட்டும் அநியாயம். ரத்தம் உறையாமல் காக்கும் இன்னொரு மருந்தான டாபிகாட்ரான் ஈரம் பட்டால் கெட்டுவிடும். அதை அது வந்த டப்பாவிலோ பட்டையிலோதான் வைக்க வேண்டும்.