பி.எஸ்.ஏ. எம்20 முன் ஃபோர்க்: நான்கு மழைக்காலம் ஓட்டிய பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்சக்கரத்தைப் பிடிக்கும் பழைய கர்டர் ஃபோர்க் கைவசம் இருந்தால் அதையே சரிசெய்து போடுங்கள். குழாய்க்குள் குழாய் சறுக்கும் டெலஸ்கோப் ஃபோர்க்குக்கு மாறுவது சுலபம் என்று பலரும் சொல்வார்கள். இரண்டையும் ஒரே வண்டியில் போட்டு ஓட்டியவன் நான். டெலஸ்கோப்பில் ஒன்றரை வருஷம், கர்டரில் நான்கு மழைக்காலம். கர்டரில் மட்டும் ஏறக்குறைய 7,000 மைல். மீட்டரே மைலில்தான் இருக்கிறது, அதனால் நானும் மைலிலேயே சொல்கிறேன்.

வண்டி, பிரிட்டிஷ் கம்பெனி பி.எஸ்.ஏ. செய்த போர்க்காலத்து எம்20 மோட்டார் சைக்கிள். 496 சி.சி., சைடு வால்வு, ஒற்றை சிலிண்டர். இரண்டாம் உலகப் போருக்காக இந்த மாடலில் மட்டும் 1,26,000 வண்டிகள் செய்தார்கள். அதில் ஒன்று எப்படி பர்மாவின் மோல்மேனில் எங்கள் பெரியப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தது என்பதற்குக் குடும்பத்தில் மூன்று கதை உண்டு. மூன்றையும் நான் நம்பவில்லை. என் கைக்கு வந்தபோது முன்பக்கத்தில் ஒரு 125 சி.சி. வண்டியின் டெலஸ்கோப் ஃபோர்க் மாட்டியிருந்தது. இருபது வருஷத்துக்கு முன்னால் அண்ணன் செய்த வேலை. கழற்றிய கர்டர் எங்கே என்று கேட்டேன். பெரியம்மா கொல்லைப்பக்கம் கை காட்டினார். கோழிக்கூண்டு சாயாமல் இருக்க அதுதான் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது.

அண்ணனைக் குறை சொல்லவில்லை. பி.எஸ்.ஏ. கம்பெனியே 1940களின் கடைசியில் எம்20க்கு டெலஸ்கோப் போட ஆரம்பித்துவிட்டது. ஆனால் அது இந்த வண்டிக்கென்றே செய்த கனமான ஃபோர்க். அண்ணன் போட்டது நூற்றுச்சொச்சம் கிலோ வண்டியைத் தாங்கச் செய்தது. எம்20 கிட்டத்தட்ட 170 கிலோ. பிரேக் பிடித்தால் மூக்கு குத்தி அடிவரை போய் 'டக்' என்று இடிக்கும். வளைவில் ஹேண்டில் ஒன்று சொல்லும், சக்கரம் வேறொன்று செய்யும்.

அதைவிடப் பெரிய தொல்லை ஆயில் சீல். மோல்மேனில் ஆற்றுக்காற்றும் கடல்காற்றும் சேர்ந்து அடிக்கும். ஆனி, ஆடி, ஆவணியில் மழை விடவே விடாது. குரோம் டியூபில் ஊசிமுனை அளவு குழி விழுந்தால் போதும், அந்தக் குழி புது சீலின் உதட்டை அரம் மாதிரி அறுத்துவிடும். புது சீல் போட்ட மூன்றாவது வாரம் எண்ணெய் வழிந்து பிரேக் டிரம் வரை வந்துவிட்டது. குழிகளில் அரால்டைட் தடவி, காய்ந்ததும் தண்ணீர்க் காகிதத்தால் இழைத்தேன். ஒரு மழைக்காலம் தாங்கியது, அடுத்ததில் பெயர்ந்துவிட்டது. டியூபையே மாற்றலாம் என்று ரங்கூனிலிருந்து பஸ்ஸில் வரவழைத்தேன். வந்தது நீளத்தில் ஒரு விரற்கடை குறைவு. திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றார் கடைக்காரர். அன்றைக்குத்தான் கோழிக்கூண்டுப் பக்கம் போனேன்.

கர்டரைப் பார்த்தே இராதவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு கால்களும் சேர்ந்து ஒரே சட்டம். அதை மேலேயும் கீழேயும் லிங்குகள் என்ற குட்டை இணைப்புகள் வண்டியோடு பிடித்திருக்கும், லிங்குகள் ஸ்பின்டில் என்ற நான்கு அச்சில் ஆடும். நடுவில் ஒரே ஒரு பீப்பாய் ஸ்பிரிங். எண்ணெயும் இல்லை, சீலும் இல்லை. துள்ளலை அடக்க, கையால் திருகும் குமிழோடு ஓர் உராய்வு டேம்பர். தேய்வதெல்லாம் ஸ்பின்டிலும் அதைச் சுற்றியிருக்கும் உறையான புஷ்ஷும்தான். இரண்டையும் லேத்து இருக்கிற எந்த ஊரிலும் செய்துகொள்ளலாம்.

இங்கே நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருக்கோடியில் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் சயா (பர்மியத்தில் வாத்தியார்) ஒரு மோன் இனத்துக்காரர், எழுபது வயதுக்குமேல். ஃபோர்க்கைக் கையில் வாங்கியதும், "தம்பி, முதலில் இது நேராக இருக்கிறதா பார்" என்றார். எனக்கு அவசரம். தைப்பூசத்துக்குள் வண்டியை எடுக்க வேண்டும். புஷ் எல்லாம் வெண்கலத்தில் கடைந்து, பழைய லாரி ஆக்ஸிலிலிருந்து ஸ்பின்டில் செய்து மாட்டிவிட்டேன். ஓட்டினால் வண்டி இடப்பக்கமே இழுக்கிறது. திரும்பக் கழற்றி, மேலும் கீழும் ஸ்பின்டில் துளைகளில் ஒரே கனமுள்ள இரண்டு நீளக் கம்பிகளைச் செருகி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லை. இதைப் பார்க்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. இதை முதல் நாளே செய்திருந்தால் இரண்டு புஷ் மிஞ்சியிருக்கும், சயா முகத்தில் அந்தச் சிரிப்பையும் பார்த்திருக்க வேண்டாம்.

லாரி ஷெட்டில் ஜாக்கி வைத்து, மரக்கட்டை அணைகொடுத்து, சூடு காட்டாமல் மெல்ல மெல்ல நிமிர்த்தினோம். குழாய்களை, அவற்றின் முனையில் வரும் லக்கு என்ற இரும்புப் பிடிகளோடு பித்தளையால் பற்றவைத்திருப்பார்கள்; அதன் பக்கத்தில் கரண்டு வெல்டிங் வேண்டவே வேண்டாம். நிமிர்த்திய பிறகு விரிசல் பார்க்க ஒரு பழைய வழி: பற்றவைத்த இடங்களில் மண்ணெண்ணெய் தடவி ஒரு மணி நேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் தூளைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து தூளில் மயிரிழைக் கோடாகத் தெரியும். எனக்கு எதுவும் தெரியவில்லை. அப்பாடா என்று இருந்தது.

புஷ்ஷில் இன்னொரு சூட்சுமம். கையில் வைத்துப் பார்க்கும்போது ஸ்பின்டில் வழுக்கிக்கொண்டு போகும். புஷ்ஷை அழுத்தி உள்ளே ஏற்றியதும் அதன் துளை இறுகிவிடும், ஸ்பின்டில் நுழையாது. உடனே சுத்தியலைத் தேடாதீர்கள். துளையைக் கொஞ்சம் சிறிதாகவே கடைந்து, ஏற்றிய பிறகு, துளையை அளவுக்குச் செதுக்கும் நீளமான ரீமரை இரு பக்கப் புஷ்ஷிலும் ஒரே ஓட்டமாக ஓட்ட வேண்டும். அப்போதுதான் இரண்டும் ஒரே கோட்டில் வரும்.

கடைசியாகப் பக்கவாட்டு ஆட்டம். லிங்குக்கும் லக்குக்கும் நடுவே விளிம்பில் பல்வெட்டிய வாஷர் இருக்கும். லாக் நட்டுகளைத் தளர்த்திவிட்டு, ஸ்பின்டிலையே ஸ்பேனரால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருக வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்து உருட்டினால் அந்த வாஷர் லேசாகப் பிடித்துக்கொண்டு சுற்ற வேண்டும். வழவழவென்று ஓடினால் ஆட்டம் மிச்சம். சுற்றவே இல்லையென்றால் இறுக்கம் அதிகம், ஃபோர்க் கட்டையாகிவிடும். அப்புறம் நட்டை இறுக்கும்போது மறுபடி மாறும், மறுபடி பார்க்க வேண்டும். நான்கு ஸ்பின்டிலுக்கும் சேர்த்து முதல் தடவை எனக்கு ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. இப்போது ஒரு டீ ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

ஓட்டம் எப்படி? மோல்மேனில் ஆற்றின் மேல் போகும் தன்ல்வின் பாலம் 2005இல் திறந்தது, மூன்றரைக் கிலோமீட்டருக்குமேல் நீளம். அதன் இணைப்புகளில் 30 மைல் வேகத்தில் போனால் டெலஸ்கோப்பில் ஒவ்வொன்றும் மணிக்கட்டில் குத்தும். கர்டர் அதைத் தொட்டில் மாதிரி ஆட்டிவிடுகிறது. ஆனால் ஆழமான பள்ளத்தில் கர்டர் மோசம். ஒருதடவை துள்ளினால் இன்னொரு துள்ளல் கூடவே வரும். தனியாகப் போகும்போது டேம்பர் குமிழைத் தளர்வாக வைப்பேன், வீட்டுக்காரி பின்னால் உட்கார்ந்தால் அரைத் திருகு கூடுதல். மழையில் நனைந்துவிட்டால் டேம்பர் தகடுகள் வழுக்கும், இன்னும் ஒரு கால் திருகு. இந்தக் குமிழைத் திருகுவது எனக்கே பழக்கமாகிவிட்டது, சிக்னலில் நின்றால்கூடக் கை அங்கேதான் போகிறது. பிரேக்கில் மூக்கு குத்துவது அறவே நின்றுவிட்டது. கியர் வலது காலில், பிரேக் இடது காலில் என்பதால் வண்டியை இரவல் கேட்பவர்களும் குறைவு. அதுவும் ஒரு லாபம்.

பராமரிப்புக்குச் சோம்பல்பட்டால் கர்டர் வேண்டாம். வெயில் காலத்தில் 300 மைலுக்கு ஒருமுறை கிரீஸ், மழையில் வாராவாரம். பழைய கிரீஸ் வெளியே வந்து, புது நிறம் தெரியும்வரை கிரீஸ் கன்னை அழுத்த வேண்டும். இரண்டாவது வருஷம் உடம்பு முடியாமல் ஒரு மாதம் விட்டுவிட்டேன். கிரீஸ் ஏற்றும் நிப்பிளில் சேறு அடைத்துப்போய், கீழ்ப் பின்பக்கத்து ஸ்பின்டில் காய்ந்தே ஓடியிருக்கிறது. சக்கரம் அடிக்கிற சேறு நேராக அங்கேதான் விழும். மற்ற மூன்றும் இன்றுவரை புதிதுபோல இருக்க, அது மட்டும் இப்போது ஆடுகிறது. முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, லிங்கும் லக்கும் சேரும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு ஃபோர்க்கை முன்னும் பின்னும் அசைத்தால் விரலுக்குத் தெரிகிறது. அங்கே தெரியாமல் மேலே ஹேண்டில் திரும்பும் ஹெட்டில் தெரிந்தால் கோளாறு அங்குள்ள பால்ரஸில், புஷ்ஷில் இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல புஷ்ஷைக் கழற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

செலவு? அளவு தவறி வந்த அந்த இரண்டு டியூபின் விலையில், சயாவின் கூலியும் வெண்கலமும் போக கிரீஸ் கன்னும் வாங்கினேன். டியூப்கள் வீணாகவில்லை. கோழிக்கூண்டுக்கு இப்போது அவைதான் முட்டு.

கீழ்ப் புஷ்ஷுக்கு வெண்கலக் கம்பி வாங்கிச் செய்தித்தாளில் சுற்றிக் கட்டிலடியில் போட்டிருக்கிறேன். சயாவிடம் சொல்லியாகிவிட்டது. மழை விட்டதும் கழற்ற வேண்டும். இந்தத் தடவை கம்பியைச் செருகிப் பார்த்துவிட்டுத்தான்.