மூன்று கோயில், மூன்று சாப்பாடு, கையில் ஒரே நாள்

டோக்கியோவில் ஒரு வாரம் தங்குகிறவர்களுக்கு எப்படியும் ஒரு நாள் மிச்சப்படும். யாரைக் கேட்டாலும் காமகுரா, நிக்கோ என்பார்கள். நல்ல இடங்கள்தான், கூட்டம் பழகியவர்களுக்கு. புல்லட் ரயிலில் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகலாம் என்றால் வேறு மூன்று ஊர்கள் இருக்கின்றன: நாகானோவின் ஜென்கோஜி, ஃபுகுயி பக்கத்து எய்ஹெய்ஜி, யமகத்தா மலையில் இருக்கும் யமதேரா. மூன்றிலும் பழைய பௌத்தக் கோயில் உண்டு, அந்த மண்ணுக்கே உரிய சாப்பாடும் உண்டு. ஆனால் கோயிலுக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள உறவு ஊருக்கு ஊர் வேறு. நான் இவற்றைத் தரம் பிரிப்பது அதை வைத்துத்தான்.

முதலில் பயணக் கணக்கு. டோக்கியோவிலிருந்து நாகானோவுக்கு வேகமான ரயிலில் சுமார் 80 நிமிடம், கட்டணம் ஒரு வழிக்கு 8,000 யென்னைக் கொஞ்சம் தாண்டும். யமதேராவுக்கு செண்டாய் வரை ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து சென்சான் பாதையில் உள்ளூர் ரயிலில் இன்னொரு மணி நேரம். ஃபுகுயிக்குக் கிட்டத்தட்ட 3 மணி நேரம் ஆகும். 2024 மார்ச்சில் ஹோகுரிகு பாதையை சுருகா வரை நீட்டிய பிறகுதான் இடையில் ரயில் மாறாமல் போக முடிகிறது. ஸ்டேஷனிலிருந்து மடத்துக்கு அரை மணி நேர பஸ் தனி. கட்டணமும் நாகானோவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கணக்கு மட்டும்தான் முக்கியம் என்பவர் இங்கேயே நாகானோ என்று முடிவு செய்துவிடலாம்.

ஜென்கோஜி: கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர்

நாகானோ ஸ்டேஷனிலிருந்து கோயிலுக்கு 1.8 கிலோமீட்டர். பஸ் இருக்கிறது, ஏறாதீர்கள். நடந்தால்தான் நகரம் மெதுவாகக் கோயிலாக மாறுவது தெரியும். வங்கி, துணிக்கடை, அப்புறம் பக்வீட் என்ற தானியத்தில் செய்யும் சோபா நூடுல்ஸ் கடை, அப்புறம் ஊதுபத்தி வாசனை.

இப்போதிருக்கும் மூலக்கோயில் 1707இல் கட்டியது. உள்ளே இருக்கும் அமிதாப புத்தரை யாரும் பார்க்க முடியாது. அர்ச்சகர்களுக்கும் தரிசனம் கிடையாது. அதன் பிரதியைத்தான் ஏழாண்டுக்கு ஒருமுறை திறந்து காட்டுகிறார்கள். தொடக்க ஆண்டையும் சேர்த்து எண்ணுவதால் நம் கணக்கில் அது ஆறு வருடம். 2021இல் வர வேண்டியது கொரோனாவால் 2022க்குத் தள்ளிப்போனது. அடுத்தது 2027 வசந்தத்தில். அந்தச் சமயத்தில் போனால் கூட்டத்துக்கும் தயாராகப் போங்கள்.

பீடத்துக்குக் கீழே கும்மிருட்டான ஒரு சுரங்கப் பாதை இருக்கிறது. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். வலது கையால் சுவரைத் தடவிக்கொண்டே போக வேண்டும். இடுப்பு உயரத்தில் ஓர் இரும்புத் தாழ் கையில் தட்டுப்பட்டால், மேலே இருக்கும் புத்தரோடு தொடர்பு கிடைத்ததாக நம்பிக்கை. முன்னால் போகிற பாட்டி “இதோ இருக்கு” என்று ஜப்பானிய மொழியில் கத்துவது பாஷை தெரியாமலே புரியும்.

வாசலுக்குள் மரத்தில் செய்த பின்சுரு உட்கார்ந்திருக்கிறார். நம் நாட்டுக்காரர்தான், புத்தரின் சீடர் பிண்டோல பாரத்வாஜர். உடம்பில் எங்கே வலியோ அவர் உடம்பில் அங்கே தடவிவிட்டுத் தன்னைத் தடவிக்கொள்வார்கள். தடவித் தடவி முகமே வழுவழுவென்று ஆகிவிட்டது. 2023 ஏப்ரலில் ஒருவர் இவரைத் தூக்கிக்கொண்டே போய்விட்டார். அன்றைக்கே மீட்டு வந்தார்கள்.

சாப்பாடு இங்கே தெருவில்தான். ஓயாகி என்று ஒன்று: மாவுக்குள் நொசவானா கீரையோ கத்தரிக்காயோ பூசணியோ வைத்து வேகவைப்பது அல்லது சுடுவது. நெல் விளையாத மலைக்கிராமங்களில் கோதுமையையும் பக்வீட்டையும் வைத்துப் பிழைத்தவர்களின் உணவு. சூடாக ஒன்றை வாங்கி நின்றபடியே தின்ன வேண்டும், ஆறினால் மாவு ரப்பர். கோயில் முன்னால் 1736இல் தொடங்கிய யவதயா இசொகொரோ கடையில் ஷிச்சிமி என்ற ஏழு பொருள் பொடி கிடைக்கும். மிளகாய், எள், இஞ்சி, ஆரஞ்சுத் தோல் எல்லாம் சேர்ந்தது. நான் மூன்று டப்பா வாங்கினேன். ஒன்றை ரயிலிலேயே பிரித்துவிட்டேன்.

எய்ஹெய்ஜி: சமையலே சாதனை

1244இல் தோகென் என்ற துறவி நிறுவிய ஜென் மடம். சுற்றுலாத் தலம் என்பதைவிட, இளம் துறவிகள் பயிற்சி பெறும் இடம் என்பதே சரி. செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு, மலைச்சரிவில் ஏறும் மூடிய மரத் தாழ்வாரங்களில் நடக்க வேண்டும். குளிர்காலத்தில் அந்தப் பலகைகளின் சில்லிப்பு எலும்பு வரை ஏறும். எழுபதுக்கு மேல் கட்டடங்கள். 1749இல் கட்டிய பெரிய வாயிலைத் துறவிகள் இரண்டே முறைதான் கடப்பார்களாம், சேரும் நாளிலும் விடைபெறும் நாளிலும். துறவிகளைப் படம் எடுக்கக் கூடாது. கேமராவை உள்ளே வைப்பது உத்தமம்.

சமையற்கூடத்தின் அருகே ஆளைவிடப் பெரிய ஒரு மரக்குழவி தொங்குகிறது. அதைப் பார்த்ததும் இந்த இடத்தின் சூட்சுமம் புரிந்தது. தோகென் 1223இல் சீனா போனபோது, அவர் இருந்த கப்பலுக்கே காளான் வாங்க வந்த ஒரு கிழச் சமையல்காரத் துறவியைச் சந்தித்தார். “இருந்துவிட்டுப் போங்கள், சமையலை வேறு யாராவது பார்ப்பார்கள்” என்று தோகென் சொன்னதற்குக் கிழவர் ஒப்பவில்லை. அடுப்படி வேலையும் தியானமும் ஒன்றுதான் என்று தோகெனுக்கு உறைத்தது அங்கேதான். பின்னாளில் மடத்துச் சமையல்காரருக்கென்றே தனி நூல் எழுதினார்.

ஆனால் ஒரு நாள் பயணிக்குச் சிக்கல் இதுதான்: அந்தச் சாப்பாடு முன்பதிவு இல்லாமல் உள்ளே கிடைக்காது. வாசல் தெருவில் எள் தோஃபு சாப்பிடலாம். பெயரில்தான் தோஃபு, சோயா கிடையாது. அரைத்த எள்ளையும் குட்சுக் கிழங்கு மாவையும் கிண்டி எடுப்பது, வாயில் வைத்தால் கரையும். ஃபுகுயியின் முள்ளங்கித் துருவல் போட்ட குளிர்ந்த சோபா அருமை, காரம் மூக்கில் ஏறும்.

யமதேரா

860இல் தொடங்கியது, 1,015 படிகள். மேலே ஒரு மண்டபத்திலிருந்து பள்ளத்தாக்கைப் பார்த்தால் பட்ட சிரமம் மறந்துவிடும். முழங்கால் மட்டும் மறக்காது. அடிவாரத்தில் சோயா சாஸில் வேகவைத்த உருண்டைக் கொன்னியாகுவைக் குச்சியில் குத்தி, கடுகு தடவித் தருவார்கள். ஏறுவதற்குத் தெம்பு தருமாம். கிழங்கு மாவில் செய்த அதில் கலோரி ஏதும் பெரிதாக இல்லை என்பது வேறு விஷயம். சாப்பாட்டைப் பொறுத்தவரை யமதேரா மூன்றாம் இடம்தான்.

சைவர்களுக்கு

காய்கறி என்று நினைத்து வாங்குவதிலும் மீன் ஒளிந்திருக்கும். சோபாச் சாறு பெரும்பாலும் கட்சுவோ மீன் சீவலில் கொதித்தது. கொன்னியாகு உருண்டையைக்கூடப் பல இடங்களில் காய்ந்த கணவாயோடு வேகவைக்கிறார்கள். ஓயாகியிலும் இறைச்சி வைத்தது உண்டு, கேட்டு வாங்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடக்கூடியது ஷோஜின் எனும் மடத்துச் சமையல் மட்டுமே. சாறு கொம்பு என்ற கடற்பாசியிலும் ஷிடாகே காளானிலும் எடுப்பது, பூண்டும் வெங்காயமும்கூடச் சேராது. ஜென்கோஜியைச் சுற்றியுள்ள 39 தங்குமடங்களில் சிலவற்றில் முன்பே சொல்லிவைத்தால் மதியத்துக்குப் பரிமாறுவார்கள்.

ஆக, டோக்கியோவிலிருந்து கிளம்புகிறவருக்கு என் ஓட்டு ஜென்கோஜிக்கு. மதியத்துக்குள் முடித்துவிட்டால் நாகானோ தென்தெட்சு ரயிலில் ஒபுசே போய், எண்பது வயதைத் தாண்டிய ஓவியர் ஹொகுசாய் கான்ஷோயின் கோயிலின் உட்கூரையில் தீட்டிய ஃபீனிக்ஸ் பறவையைப் பார்த்து, செஸ்நட் சோறும் சாப்பிட்டுவரலாம். கானாசாவாவிலோ கியோட்டோவிலோ தங்கியிருப்பவர் தயங்காமல் எய்ஹெய்ஜி போகட்டும், சாப்பாட்டுக்கு முன்பதிவு செய்துவிட்டு. செண்டாயில் இருப்பவருக்கு, கால் நன்றாக இருந்தால், யமதேரா. நாகானோ போகிறவர் ஷிச்சிமியைக் காலையிலேயே வாங்கிவிடுங்கள். மாலை 5 மணிவாக்கில் அந்தத் தெரு கடையடைக்க ஆரம்பித்துவிடும்.