எஸ்.பி.எஸ். உலையும் நானோ சிலிக்கான் கார்பைடும்: சில வருடப் பழக்கத்தில்

நானோ சிலிக்கான் கார்பைடு பவுடரைக் கெட்டி செராமிக்காக்க, ஸ்பார்க் பிளாஸ்மா சின்டரிங் (எஸ்.பி.எஸ்.) உலையைத்தான் சில வருடங்களாக ஓட்டி வருகிறேன். சின்டரிங் என்றால் பவுடரை உருக்காமல் சூட்டில் ஒட்டவைத்து இறுக்குவது; இந்த உலை மின்சாரம் பாய்ச்சி, அழுத்திக்கொண்டே அதைச் செய்யும். நிமிடத்துக்கு 100 டிகிரி ஏறும், சீக்கிரம் வேலை முடியும் என்பார்கள். ஏறுவது உண்மைதான். மீதியை முடிவு செய்வது பவுடர், அதிலும் அதன் மேல் ஒட்டியிருக்கும் ஆக்சிஜன்.

சிலிக்கான்-கார்பன் பிணைப்பு பெரும்பாலும் கோவேலன்ட் (எலக்ட்ரான்களைப் பகிரும் வலுவான பிணைப்பு) என்பதால் அணுக்கள் லேசில் நகராது, பவுடர் எளிதில் இறுகாது. 1970களில் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் ஸ்வான்டே புரோச்சாஸ்கா கொஞ்சம் போரானும் கார்பனும் சேர்த்து, அழுத்தமே இல்லாமல் சின்டர் செய்து காட்டினார். ஆனால் அதற்கு 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டில் கிரெய்ன் (செராமிக்குள் இருக்கும் நுண்படிகம்) நானோவாக நிற்காது. பீட்டா என்ற படிக வடிவம் ஆல்ஃபா வடிவமாக மாறி நீளநீளமாக வளர்ந்துவிடும். 50 முதல் 100 மெகாபாஸ்கல் வரை அழுத்திக்கொண்டே வேகமாகச் சூடேற்றினால் அதைவிடக் குறைந்த சூட்டில், சில நிமிடங்களில் முடித்துவிடலாம். இந்த உலைக்குச் செலவு செய்ய எனக்குத் தெரிந்த ஒரே நியாயம் இதுதான்.

இனி ஆக்சிஜன். நானோ துகளுக்குப் பரப்பு அதிகம், அதனால் மேலே படியும் சிலிக்கா படலமும் அதிகம். 1,400, 1,500 டிகிரி தாண்டும்போது அது கார்பனோடு வினைபுரிந்து கார்பன் மோனாக்சைடு கக்கும். வாக்குவம் கேஜைப் பார்த்துக்கொண்டே இருந்தால் தெரியும்: சீராக இருந்த அளவு திடீரென்று எகிறி, கொஞ்ச நேரத்தில் அடங்கும். அது அடங்கும்வரை சூட்டை அங்கேயே நிறுத்தி, அழுத்தத்தையும் குறைவாக வைத்திருக்கிறேன். முழு அழுத்தத்தை முன்னாலேயே கொடுத்தால் துளைகள் மூடி வாயு உள்ளேயே சிக்கிவிடும். பிறகு எவ்வளவு சூடேற்றினாலும் அடர்த்தி ஏறாது. புது பவுடர் வந்தால் நான் முதலில் கேட்பது துகள் அளவை அல்ல, ஆக்சிஜன் சதவீதத்தை.

தொடாமலே சூட்டை அளக்கும் பைரோமீட்டரை அப்படியே நம்ப வேண்டாம். அது பார்ப்பது டையின், அதாவது பவுடரை வைத்து அழுத்தும் கிராஃபைட் அச்சின், சுவரை. உள்ளே மாதிரியின் சூடு வேறு. டையைச் சுற்றிக் கார்பன் ஃபெல்ட் கட்டினால் வித்தியாசம் குறையும், போகாது. இன்னொருவர் கட்டுரையில் 1,700 டிகிரி என்று பார்த்துவிட்டு அதே எண்ணைப் போட்டு ஓட்டுவது வீண்.

அலுமினா-இட்ரியா சேர்த்தால் திரவம் உருவாகி வேலை சுலபமாகும். கியோட்டோவில் உருவான நைட் (NITE) என்ற சிலிக்கான் கார்பைடு தயாரிப்பு முறையும் நானோ பவுடரோடு இதே வழியைத்தான் பிடித்தது. ஆனால் கிரெய்ன் எல்லையில் தங்கும் ஆக்சைடு, உயர்சூட்டில் வலிமையைக் குறைக்கும். அடர்த்திக் கணக்கிலும் ஒரு கண் வேண்டும்: கன சென்டிமீட்டருக்கு சிலிக்கான் கார்பைடு 3.21 கிராம், அலுமினாவும் இட்ரியாவும் சேர்ந்து உருவாகும் இட்ரியம் அலுமினியம் கார்னெட் 4.55 கிராம். சேர்மானம் போட்ட மாதிரியின் அடர்த்தியை 3.21-ஆல் வகுத்தால், துளையில்லாத நிலைக்கு எவ்வளவு நெருக்கம் என்று சொல்லும் சதவீதம் பொய்யாக உயரும். அப்படி வந்த '99'களை நிறையவே பார்த்திருக்கிறேன்.

தொல்லைகளும் உண்டு. பவுடர் புகை மாதிரி பறக்கும்; கிளவ் பாக்ஸும் நல்ல மாஸ்க்கும் கட்டாயம். பவுடரை டை நிறையப் போட்டாலும் அழுத்தினால் அடியில் கொஞ்சம்தான் நிற்கும். மாதிரியில் ஒட்டிக்கொண்ட கிராஃபைட் ஃபாயிலை வைர வீலில்தான் தேய்த்தெடுக்க வேண்டும். கிராஃபைட் டைகளோ தேய்ந்துகொண்டும் விரிசல் விட்டுக்கொண்டும் இருக்கும் செலவு.

வட்டத் தட்டைத் தாண்டி வேறு வடிவம் கேட்டால் இந்த உலைக்கு வராதீர்கள். அதற்கு சப்மைக்ரான் பவுடரும் போரான்-கார்பன் வழியும்தான். கிரெய்ன் கொஞ்சம் பெரிதாகும், பரவாயில்லை.