ஹைப்ரிட் காரில் ஹாம் ரேடியோ: 12 வோல்ட்டை எங்கிருந்து எடுப்பது?

மதுரைப் பக்கம் ஹாம் நண்பர்கள் (உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுபவர்கள்) யாராவது ஹைப்ரிட் கார் வாங்கினால், அடுத்த பேச்சு எந்த ரிக், அதாவது எந்த ரேடியோ பெட்டி, போடலாம் என்பதுதான். யாசுவா, ஐகாமா, கென்வுட்டா என்று ஒரு மணி நேரம் ஓடும். என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. ரிக்குக்கு வேண்டிய 12 வோல்ட்டை எங்கிருந்து எடுக்கப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். சாதாரண பெட்ரோல் காரில் இதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. ஹைப்ரிட்டில் கவலைப்பட்டே ஆகவேண்டும்.

சாதாரண காரில் ஆல்டர்னேட்டர் இருக்கிறது, எஞ்சினைச் சுழற்றும் அளவுக்குத் தெம்பான பேட்டரியும் இருக்கிறது. இன்னோவா ஹைகிராஸ், ஹைரைடர், கிராண்ட் விட்டாரா ஆகியவற்றின் ஸ்ட்ராங் ஹைப்ரிட் (மின்மோட்டாரால் மட்டுமே கொஞ்ச தூரம் ஓடக்கூடிய) மாடல்களில் ஆல்டர்னேட்டரே கிடையாது. 170லிருந்து 200 வோல்ட் வரை உள்ள பெரிய பேட்டரியிலிருந்து ஒரு டிசி-டிசி கன்வர்ட்டர் 14 வோல்ட் அளவுக்கு இறக்கிக் கொடுக்கிறது. 12 வோல்ட் பேட்டரியைச் சார்ஜ் செய்வதும் அதுதான். இந்தச் சின்ன பேட்டரி எஞ்சினை ஸ்டார்ட் செய்வதில்லை; கம்ப்யூட்டர்களையும் ரிலேக்களையும் எழுப்பிவிடுவதோடு சரி. ஆனால் அது படுத்துவிட்டால், பெரிய பேட்டரி நிறைய சார்ஜ் இருந்தாலும் 'ரெடி' விளக்கு எரியாது, வண்டி நகராது. ஆண்டிபட்டி கணவாயில் ஓரமாக நிறுத்தி, ஏசிசி நிலையில் ('ரெடி' ஆகாமல் ரேடியோ போன்றவை மட்டும் ஓடும் நிலை) விட்டுவிட்டு, ஆசைதீரப் பேசினால் கடைசியில் தள்ளுவதற்கு ஆள் தேட வேண்டியிருக்கும். தள்ளியும் பிரயோஜனமில்லை, தள்ளி ஸ்டார்ட் செய்கிற வண்டியும் இது இல்லை.

மைல்டு ஹைப்ரிட், அதாவது பெல்ட் வழியாக ஓடும் சின்ன மோட்டார் வைத்த வண்டிகளை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவற்றைச் சாதாரண கார் மாதிரியே நடத்தலாம். கோரிப்பாளையம் சிக்னலில் எஞ்சின் தானாக நின்று மறுபடி எடுக்கும்போது வோல்டேஜ் ஒரு நொடி சரியும், சில ரிக்குகள் அணைந்து எழும். அவ்வளவுதான்.

சரி, ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுக்கு வருவோம். என் கணக்கில் மூன்று வழி: ஹேண்டியும் (கையடக்க ரேடியோ) வெளி ஆன்டெனாவும், மொபைல் ரிக்கை வண்டியின் 12 வோல்ட்டில் நேராக இணைப்பது, அதே ரிக்கைத் தனி பேட்டரிப் பெட்டியில் ஓட்டுவது.

ஹேண்டி வழி மலிவு. வண்டியில் ஒரு வயரும் தொட வேண்டாம். ஆனால் ரப்பர் ஆன்டெனாவோடு காருக்குள் உட்கார்ந்து பேசினால் தகரக் கூட்டுக்குள்ளிருந்து பேசுவதுதான். கூரையில் ஓர் ஆன்டெனா கட்டாயம். 5 வாட்டுக்கும் 50 வாட்டுக்கும் வித்தியாசம் 10 டெசிபல், சிக்னல் பலத்தைக் காட்டும் எஸ்-மீட்டரில் இரண்டு கோடுகூட முழுசாக இல்லை. அதனால் மேலூர் வரை, திருமங்கலம் வரை சமவெளியில் ஹேண்டியும் நல்ல ஆன்டெனாவும் தைரியமாகப் போதும். குறுக்கே நாகமலை வந்துவிட்டால் 50 வாட்டும் பெரிதாக ஒன்றும் சாதிக்காது. மலிவான ஹேண்டிகளில் ஒரு குறை உண்டு. பெரிய ஆன்டெனா மாட்டியதும் நகருக்குள் எஃப்எம் நிலையங்களின் வலுவான சிக்னலில் ரிசீவர் மூச்சுத் திணறும், பலவீனமான நிலையங்கள் காணாமல் போகும். லைட்டர் சாக்கெட்டில் செருகும் மலிவு அடாப்டரும் தன் பங்குக்கு இரைச்சல் சேர்க்கும். ஹேண்டியை அதன் சொந்த பேட்டரியிலேயே ஓட்டுங்கள்.

இரண்டாவது வழிதான் 'முறையான' வழி என்று பழைய ஹாம்கள் சொல்வார்கள். 50 வாட் விஎச்எஃப் ரிக் (145 மெகாஹெர்ட்ஸ் பக்கம் பேசுவது) பேசும்போது 10 முதல் 12 ஆம்பியர் இழுக்கும். லைட்டர் சாக்கெட் பொதுவாக 10 ஆம்பியர், அதாவது 120 வாட் கணக்கில்தான் இருக்கும், அதில் மாட்ட முடியாது. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து தனி வயர் இழுக்க வேண்டும். வயர் கனத்தில் கஞ்சத்தனம் கூடாது. பானெட்டிலிருந்து டாஷ்போர்டு வழியாகப் பின்பக்கம் போக 5 மீட்டர் என்றால், போக வர 10 மீட்டர். 12 ஆம்பியர் ஓடும்போது 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 0.8 வோல்ட் போய்விடும். 4 சதுர மில்லிமீட்டரில் அரை வோல்ட். 6 என்றால் மூன்றில் ஒரு பங்கு வோல்ட் சுமாருக்கு. நான் 6க்குத்தான் ஓட்டுப் போடுவேன். பேட்டரி பாசிட்டிவ் முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் வர வேண்டும், ரிக் பக்கத்தில் அல்ல.

நெகட்டிவ் விஷயத்தில் கொஞ்சம் கவனம். இப்போதைய வண்டிகள் பலவற்றில் பேட்டரி நெகட்டிவ் முனையில் ஒரு கரன்ட் சென்சார் உட்கார்ந்திருக்கும். ரிக்கின் எர்த்தை நேரே அந்த முனையில் மாட்டினால் நீங்கள் இழுக்கும் கரன்ட் சென்சாருக்குத் தெரியாது, சார்ஜ் கணக்கு குழம்பும். சென்சாரைத் தாண்டி பாடியில் எர்த் கொடுக்கும் இடத்தில் மாட்டுங்கள். ஆரஞ்சு உறை போட்ட கேபிள்கள் உயர் வோல்டேஜ். பழகிய ஆட்டோ எலக்ட்ரீஷியன் எவரும், "அண்ணே, ஆரஞ்சு வயர் பக்கம் மட்டும் கையக் கொண்டுபோயிராதீங்க" என்பார். அந்த கேபிளுக்கு இணையாக ரிக் வயரையோ ஆன்டெனாவுக்குப் போகும் கோஆக்ஸ் கேபிளையோ ஓட்டவும் கூடாது. ஜன்னலுக்கு மேல் கூரை ஓரத்திலும் தூண்களிலும் கர்ட்டன் ஏர்பேக் மடிந்திருக்கும். அதன்மேல் வயர் போவது உயிரோடு விளையாடுவது.

இதையெல்லாம் செய்துவிட்டால் சொகுசுதான். 'ரெடி' நிலையில் கன்வர்ட்டர் 14 வோல்ட்டை அசையாமல் தரும், பெரிய பேட்டரி இறங்கினால் எஞ்சின் தானே எழுந்து நிரப்பும். 12 ஆம்பியரெல்லாம் அதற்குப் பொருட்டே இல்லை. 'ரெடி' போனதும் ரிக்கும் அணையும்படி ஒரு ரிலே வைத்தால் பேட்டரி படுக்கிற பயமும் போச்சு. மிச்சமிருப்பது வாரன்டி. ஹைப்ரிட் பேட்டரிக்கு 8 ஆண்டு, 1,60,000 கிலோமீட்டர் என்று கொடுக்கிறார்கள். டொயோட்டா கையேடுகளில், ரேடியோ டிரான்ஸ்மிட்டர் பொருத்தினால் ஹைப்ரிட் சிஸ்டம், ஏபிஎஸ், ஏர்பேக் போன்றவை பாதிக்கப்படலாம், முன்கூட்டி டீலரைக் கேளுங்கள் என்று எழுதியே இருக்கிறது. சர்வீஸ் சென்டரில் பாதிப் பேருக்கு ஹாம் என்றால் என்னவென்றே தெரியாது. நாளைக்கு வேறு ஏதாவது பழுது வந்தால் முதல் பழி உங்கள் வயர்மேல்தான் விழும்.

அதனால்தான் மூன்றாவது வழி. 12.8 வோல்ட், 20 ஏஎச் (ஆம்பியர்-மணி) லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்றை ஃபியூஸோடு ஒரு பெட்டியில் அடைத்து டிக்கியில் வைப்பது. கேட்கும்போது அரை ஆம்பியர் சொச்சம், பத்தில் ஒரு பங்கு நேரம் பேசினால் சராசரி 1.6 ஆம்பியர்தான். பத்து மணி நேரம் தாங்கும். 13.8 வோல்ட் இல்லையே என்று கவலை வேண்டாம். பெரும்பாலான ரிக்குகள் 11.7 வோல்ட் வரை ஒத்துக்கொள்ளும். யுபிஎஸ்ஸில் வரும் 7 ஏஎச் பேட்டரியை வைத்துச் சமாளிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. 11 ஆம்பியர் இழுத்தால் அது தொய்ந்துவிடும், வேண்டாம்.

பெட்டிக்கு எதிரி மதுரை வெயில். இந்த ரக பேட்டரியைப் பொதுவாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. சித்திரையில் மூடி நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு மதியத்துக்கு முன்பே வந்துவிடும். வண்டியை நிறுத்தினால் பெட்டியை வீட்டுக்குள் எடுத்துப் போய்விட வேண்டும், சார்ஜும் வீட்டிலேயே. வைக்கும் இடமும் முக்கியம். சில மாடல்களில் பெரிய பேட்டரியைக் குளிர்விக்கும் காற்றுத் துவாரம் பின்சீட் ஓரத்தில் இருக்கும். பெட்டியோ பையோ அதை அடைத்தால் ரேடியோவைவிட பல மடங்கு பெரிய செலவு வைக்கும்.

இரைச்சல் விஷயத்திலும் பெட்டிக்கு ஒரு கூடுதல் லாபம். ஹைப்ரிட்டில் மோட்டார் இன்வெர்ட்டர், கன்வர்ட்டர், மின்சார ஏசி கம்ப்ரசர் எல்லாமே வேகமாக ஸ்விட்ச் ஆகிக்கொண்டிருப்பவை. மின்கம்பி இல்லாத வெட்டவெளியில் நிறுத்தி, ஏசியைப் போட்டும் அணைத்தும் கேளுங்கள். முதலில் வண்டிக் கரன்டில், பிறகு பெட்டியில். பெட்டிக்கு மாறியதும் இரைச்சல் குறைந்தால் அது வயர் வழியாக வந்தது. ஃபெரைட் வளையத்தில் வயரைச் சில சுற்று சுற்றினால் அடங்கும். குறையவில்லையா, ஆன்டெனா வழியாக வருகிறது, ஆன்டெனாவை நகர்த்துங்கள். விஎச்எஃப் எஃப்எம்மில் இது பெரும்பாலும் தொல்லையே இல்லை.

ஆன்டெனா மூன்று வழிக்கும் பொது. 145 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை என்றால் அரை மீட்டர் கம்பி. ஆனால் இந்த வண்டிகளின் உயர் மாடல்களில் கூரையே கண்ணாடி, காந்த மவுண்ட் எங்கே ஒட்டும்? கண்ணாடிக்குப் பின்னால் உள்ள தகரப் பட்டையில், அல்லது டிக்கி கதவு விளிம்பில் திருகும் மவுண்ட். கதவு விளிம்பு என்றால் கதவையும் பாடியையும் ஒரு பின்னல் பட்டையால் இணைத்துவிடுங்கள். கீலை நம்பினால் எஸ்டபிள்யூஆர் (பவர் ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு திரும்பி வருகிறது என்பதன் அளவு) ஏறி இறங்கும்.

என் தீர்ப்பு: வாரன்டி ஓடும் வண்டிக்குப் பெட்டி. வாரன்டி முடிந்ததும், அல்லது தினமும் மதுரை–திண்டுக்கல் என்று ஓடிக்கொண்டே பேசுபவருக்கு, நேரடி வயர். புது ஹாமுக்கு ஹேண்டி, அதுவும் ஆறு மாதத்துக்கு. எதுவானாலும் உரிமத்தின் நகல் வண்டியில் இருக்கட்டும். அழகர் ஆற்றில் இறங்கும் நேரத்தில் கூரைக் கம்பியைப் பார்த்து போலீஸ்காரர் கேட்காமல் விடமாட்டார். ஓட்டிக்கொண்டே மைக்கைக் கையில் பிடிப்பதும் வேண்டாம், கையில் பிடிக்கும் தொடர்புக் கருவிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் தண்டனை உண்டு.

எச்எஃப் (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை, நெடுந்தூரம் பேச உதவும் அலைவரிசை) ஆசைப்படுபவர்களுக்கு: 100 வாட் ரிக் 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், 7 மெகாஹெர்ட்ஸில் காரின் குட்டைக் கம்பி பெரும்பங்கை வெப்பமாகவே வீணாக்கும், இன்வெர்ட்டர் இரைச்சலும் அங்கேதான் முழு பலத்தோடு வரும். ஹைப்ரிட்டில் ஓடிக்கொண்டே எச்எஃப் பேசுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். சிறுமலைக்குப் போங்கள், வண்டியை அணைத்துவிடுங்கள், பெட்டியை இறக்கி இரண்டு மரத்துக்கு நடுவே 20 மீட்டர் நீள டைபோல் (நடுவில் கேபிள் இணைத்த வயர் ஆன்டெனா) கட்டுங்கள். பவரைப் பாதியாகக் குறைத்தாலும் காரிலிருந்து பேசியதைவிட நன்றாகவே கேட்கும்.