வெப்சைட் செய்விக்கப் போற ஆக்கள் இதை ஒருக்கா வாசிச்சிட்டுக் காசைக் குடுங்கோ

அம்மா கொழும்பு வெள்ளவத்தையில வீட்டில வச்சுப் பலகாரம் செய்து குடுக்கிறவ. பயத்தம் உருண்டை, சிப்பி, அச்சுப் பலகாரம், இடைக்கிடை கலியாண ஓடர். கனடாவில இருக்கிற அக்காதான் ஒரு வெப்சைட் இருந்தா அங்க இருக்கிற சனம் இஞ்ச தங்கட ஆக்களுக்கு ஓடர் பண்ணுவினம் எண்டு சொல்லி காசும் அனுப்பினவ. தெரிஞ்ச ஒராள் சொல்லி ஒருத்தரைப் பிடிச்சன். 85,000 ரூவா பேசி 60,000 முதலே குடுத்தாச்சு, அதுதான் நான் விட்ட முதல் பிழை.

அவற்ற லாப்டொப்பில காட்டேக்க நல்ல வடிவாத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. வீட்ட வந்து என்ர போன்ல திறந்தா தமிழையே காணேல்ல. மேல பெரிசா "அம்மாவின் கைப்பக்குவம்" எண்டு வரவேண்டிய இடத்தில எம், கே, செமிகோலன், கே, எச் எண்டு தொடங்கி ஒரே இங்கிலிஸ் எழுத்து. பாத்தா மனிசன் முழுக்கப் பாமினி எண்ட பழைய தமிழ் பொன்ட்டில (எழுத்துருவில) அடிச்சு வச்சிருக்கு! பாமினியில உள்ளுக்க கிடக்கிறது இங்கிலிஸ் எழுத்துத்தான், பொன்ட்தான் அதுக்குத் தமிழ் வேசம் கட்டி விடுறது, பொன்ட் இல்லாத போன்ல வேசம் கலைஞ்சிடும். அக்கா கூகிள்ல பயத்தம் உருண்டை எண்டு தேடித் தேடிக் களைச்சிட்டா, எப்பிடி வரும், அந்தப் பக்கத்தில பயத்தம் உருண்டை எண்ட சொல்லே இல்லையே. எல்லா மெசினுக்கும் பொதுவான எழுத்து முறை யூனிகோட், அதில தமிழ் 1991இலயே வந்திட்டுது அண்ணை எண்டு அவரிட்டச் சொன்னன். "என்ர மெசின்ல சரியாத்தானே வருது" எண்டார்.

சரி அதை விடுவம். விலையெல்லாம் சிவப்பில கண்ணைக் குத்துது, கொஞ்சம் மெரூனா மாத்தித் தாங்கோ எண்டு கேட்டன். ஒரு பக்கத்துக்கு 1,500 ரூவா, 38 பக்கம், 57,000 எண்டு கணக்குச் சொன்னார். ஒரு நிறம் மாத்த! கூட்டாளி ஒருத்தன் வெப்சைட்டை எழுதியிருக்கிற கோட் பைலைத் திறந்து பாத்திட்டுச் சிரிச்சான், ஒவ்வொரு விலைக்கும் தனித்தனியா பொன்ட் டேக் எண்ட கட்டளை போட்டு நிறம் அடிச்சிருக்கு, பக்கத்தை அடுக்கினது முழுக்க டேபிளுக்குள்ள டேபிள். எச்டிஎம்எல்ல, அதாவது பக்கத்தை எழுதுற கோட்டில, விசயத்தை மட்டும் வச்சு, நிறம், அளவு எல்லாத்தையும் சிஎஸ்எஸ் எண்ட ஒரு பைல்ல வச்சிருந்தா ஒரு வரி மாத்த 38 பக்கமும் மாறும். சிஎஸ்எஸ் வந்தது 1996இல. அடுத்த வருசமே எச்டிஎம்எல் 4இல பொன்ட் டேக்கை இனிப் பாவிக்காதேங்கோ எண்டு எழுதிப்போட்டினம், எச்டிஎம்எல் 5இல அதைப் பாவிக்கவே கூடாது எண்டு ஆக்கிப்போட்டினம். இவர் இன்னும் அதைத்தான் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்கிறார்.

அம்மாக்கு இதை விளங்கப்படுத்தினன், அவ அச்சைக் கழுவிக்கொண்டே, "அப்ப அவன் அச்சைக் கழட்டாமலே பலகாரத்தோட சேத்துப் பொரிச்சு வச்சிருக்கிறான்" எண்டா. எனக்கு இவ்வளவு வடிவாச் சொல்ல வரேல்ல.

விலைப்பட்டியல் இன்னும் மோசம், அது முழுக்க ஒரே ஒரு படம். எங்கட பழைய கஸ்டமர் ஒருத்தருக்குக் கண் தெரியாது, போன் வாசிச்சுக் காட்டித்தான் எல்லாம் பாக்கிறவர், அவற்ற போன் "இமேஜ்" எண்டு மட்டும் சொல்லிப்போட்டு நிண்டிட்டுதாம். படத்தில என்ன இருக்கு எண்டு போன் வாசிக்கிற மாதிரி அதோட நாலு சொல் எழுதிவிடக்கூட மனிசனுக்கு மனம் வரேல்ல.

ஆற்ற பேரையும் இஞ்ச போடேல்ல, சண்டை பிடிக்க எனக்கு நேரமில்லை. ஆனா நீங்கள் ஆரிட்டக் குடுத்தாலும் மிச்சக் காசு குடுக்க முதல் அவற்ற மெசின்ல பாக்காம உங்கட போன்ல திறவுங்கோ, தமிழ்ல ரெண்டு வரியை கொப்பி பண்ணி வட்ஸ்அப்பில போட்டுப் பாருங்கோ, தமிழா வராட்டிக் காசை நீட்டாதேங்கோ. முதல் தலைப்பின்ர நிறத்தை உங்களுக்கு முன்னாலயே மாத்திக் காட்டச் சொல்லுங்கோ, எத்தினை இடத்தில கை வைக்கிறார் எண்டு எண்ணுங்கோ.

நேற்று மிச்ச 25,000க்கு பில் அனுப்பியிருக்கிறார். போன்ல திறந்தன். எம், கே, செமிகோலன்.