நேரில் குட்டா, வாட்ஸ்அப்பில் குட்டா: பாட்டு கற்க எது தேவலை?

நாற்பதைத் தாண்டிய பிறகு கர்நாடக சங்கீதம் கற்க உட்கார்ந்தவன் நான். ஒன்றரை வருடம் டீச்சர் வீட்டுக்குப் போய்க் கற்றேன். அப்புறம் வேலை மாற்றலாகி வெளியூர் போனதால், அதே டீச்சரிடம் ஒரு வருடம் வாட்ஸ்அப்பில். பாடிப் பதிவு செய்து அனுப்புவேன். திருத்தங்கள் குரல் பதிவாக வரும். இப்போது ஊர் திரும்பியாயிற்று. "நேர்ல வர்றீங்களா, இப்படியே போகலாமா?" என்று கேட்டார். இப்படியே என்றேன்.

அலைச்சல், நேரம் எல்லாம் தெரிந்த கதை. வீடியோ காலையும் முயன்றோம். குரல் தாமதமாக வந்து சேருவதால் இருவரும் சேர்ந்து தாளம் போடவே முடியவில்லை. இரண்டு வாரத்தில் விட்டோம்.

எனக்கு முக்கியம் ஒன்றுதான்: தப்பு என்று சொன்னதும் என் வாய் என்ன செய்கிறது?

மாயாமாளவகௌளை ராகத்தில், ஆரம்பப் பாடமான சரளி வரிசை பாடிய நாட்களில் வம்பில்லை. ஸ்வரம் பிசகினால் எனக்கே தெரியும். அடுத்த கட்டமான வர்ணத்துக்கு (கீர்த்தனைக்கு முன் கற்கும் பயிற்சிப் பாட்டு), மோகன ராக 'நின்னுக்கோரி'க்கு வந்ததும்தான் வம்பு ஆரம்பித்தது. "இரண்டாம் காலத்துல தாளம் ஓடுது" என்பார். இரட்டை வேகத்தில் பாடும்போது தாளம் நிலையாக நிற்காமல் வேகமெடுக்கிறது என்று அர்த்தம். "இல்லையே டீச்சர், சரியாத்தானே போட்டேன்?" என்று தொடையில் வைத்த கையை எடுக்குமுன் பதில் சொல்லிவிடுவேன். தொண்டைக் கட்டு, தூக்கமின்மை; ஒருமுறை ஸ்ருதிப் பெட்டி மேலேயே பழி போட்டேன். அவரும் வயதுக்கு மரியாதை கொடுத்து விட்டுவிடுவார். தப்பு என்னோடு பத்திரமாக வீடு திரும்பும்.

வாட்ஸ்அப்பிலும் அதே குற்றச்சாட்டு வந்தது: "முக்தாயி ஸ்வரத்துல ஓடுது, பாருங்க." வர்ணத்தின் முதல் பாதியை முடிக்கும் ஸ்வரப் பகுதி அது. வழக்கம்போல் 'இல்லையே' என்று அடித்தேன். அனுப்புமுன் நிரூபித்துவிடலாமென்று என் பதிவையே ஓடவிட்டு ஸ்டாப்வாட்ச்சை அழுத்தினேன். முதல் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, 10 விநாடி. முக்தாயி ஸ்வரத்தில் அதே ஆவர்த்தனம் 8 விநாடி. அந்த 2 விநாடிக்கு வக்காலத்து வாங்க என்னிடம் எதுவும் இல்லை. அடித்ததை அழித்துவிட்டு "ஆமாம் டீச்சர்" என்று அனுப்பினேன். இப்போதெல்லாம் அனுப்புமுன் நானே கேட்டுவிடுகிறேன். (சொந்தக் குரலை முதல்முறை கேட்பது தனி தண்டனை.) பாதித் தப்பு அங்கேயே பிடிபடுகிறது. மீதியை அவர் சொல்லும்போது அடுக்களையில் தனியாக நின்று கேட்கிறேன். முகம் சுண்டினாலும் பார்க்க ஆளில்லை.

நேர்வகுப்புக்கு ஈடே இல்லாத இடம் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடும் விதம். அவர் பாட, நான் பாட, ஐந்து நிமிடத்தில் பத்துத் தடவை திருத்துவார். பதிவில் அதற்கே ஒரு வாரம் போகும். அதற்குள் தப்பான அசைவு தொண்டையில் குடியேறிவிடும். நான் வர்ணம் வரைதான் வந்திருக்கிறேன். கீர்த்தனை, ஆலாபனைக்கு இந்த வழி தாங்குமா என்று அடித்துச் சொல்லமாட்டேன். கை வைக்கும் விதத்தையே பார்த்துத் திருத்த வேண்டிய வீணை, வயலினுக்கு வாசிப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

அதனால் கமகத்துக்கென்று மாதம் ஒரு ஞாயிறு மட்டும் நேரில் போகிறேன். போனமுறை கல்யாணி வர்ணத்தின் நடுவே நிறுத்தி, "ஓடுது" என்றார். வாயைத் திறந்தேன். பக்கத்தில் பதிவின் சிவப்புப் புள்ளியோடு கிடந்த என் போனைக் காட்டி, "அதுவும் ஓடுது இல்ல?" என்றார்.