தேக்குப் பெட்டிக்கு இழுப்பறை: ஒரு தச்சுப்பட்டறை அனுபவம்

அப்பாவின் கருவிப்பெட்டி மேலிருந்து மட்டுமே திறக்கும். அடியில் கிடக்கும் உளி வேண்டுமென்றால் மொத்தத்தையும் வெளியே கொட்ட வேண்டும். மதுரையில் ஒரு சின்னப் பட்டறையில் கொடுத்து, முன்பக்கம் அறுத்து மூன்று இழுப்பறை போடச் சொன்னேன்.

இழுப்பறை சறுக்கி ஓட இரு பக்கமும் பொருத்தும் உலோகத் தண்டவாளமான டெலஸ்கோப்பிக் சேனல் கேட்டேன். "பக்கத்துக்கு அரை இஞ்ச் போயிடும் சார், பெட்டியே ஒடுக்கம்" என்றார் ஆசாரி. மரச்சட்டத்திலேயே ஓடவிட்டு மெழுகு தேய்த்துக் கொடுத்தார். அருமையாக ஓடுகிறது, மழைக்காலத்தில் மட்டும் நடு அறை கொஞ்சம் இறுகும். உளிகளுக்குத் தனித்தனிப் பள்ளம், முனைகள் உரசுவதில்லை. கனமான இழைப்புளிகள் கீழறையில்.

கேட்காமலே பழைய பித்தளைக் கீல்களைக் கழற்றி ஸ்டீல் கீல் போட்டதுதான் எரிச்சல். சொன்னதும் திரும்ப மாட்டினார், ஆனால் ஓட்டைகள் தெரிகின்றன. கூலி நியாயம். பாலிஷ் வேலைக்கு வேறு இடம் பாருங்கள்.